குஷன் கடையில் பூமிப் பாடம்

“பூமிக்குள்ள என்ன இருக்குன்னு புத்தகத்துல கேட்டிருக்கான். சொல்லு.”

“மண்ணு.”

“அதுக்கு அடியில?”

“இன்னும் கொஞ்சம் மண்ணு.”

“அதுக்கும் அடியில?”

“தெரியலை. நீங்க சொல்லுங்களேன்.”

“நானா? பத்தாவதோட படிப்புக்கு முழுக்குப் போட்டவன்கிட்ட கேக்கிற கேள்வியா இது? சரி விடு, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு முட்டை. முதல்ல பாஸ் பண்ணு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்.”

இந்தப் பேச்சு நடந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் அவளுக்கு அது நேற்று நடந்ததுபோல அப்படியே நினைவிருந்தது. அவள் கணவன் கடைத் தரையில் சம்மணமிட்டு ஒரு வேன் சீட்டின் ஓரத்துக்குப் பைப்பிங் என்கிற உருட்டுக் கரை வைத்துக்கொண்டிருந்தான். அவள் ஸ்பாஞ்சு அடுக்கின் உச்சியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்கிற புத்தகம் அவன் முட்டியில் சாய்ந்து நின்றது. அவன் மிகச் சாதாரணமாகச் சொன்ன அந்த “மத்ததை” என்ற வார்த்தை மட்டும் அவள் மனசில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

அந்த மத்தது என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் எழுதப்போனது நிலத்தடி நீர் ஆய்வு அலுவலகத்தின் உதவியாளர் தேர்வு. தேறினால் வேலை. ஆனால் அந்த வேலை இந்த ஊரில் இல்லை. ஓர் இரவு முழுக்க ரயிலில் போனால் வருகிற துறைமுக ஊரில் இருந்தது. மாற்றல் கேட்கவே மூன்று வருஷம் ஆகும் என்று அவளுக்கு முன்னால் சேர்ந்த தோழி சொல்லியிருந்தாள். அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. முதலில் பாஸ் ஆகட்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரு வசதி இருந்தது.

அவள் படித்தது வணிகவியல். வரவு செலவு என்றால் தூக்கத்திலும் சொல்வாள். பாறை, எரிமலை, நிலநடுக்கம் எல்லாம் பள்ளிக்கூடத்தோடு கை கழுவிய சமாச்சாரம். தேர்விலோ பாதிக் கேள்வி அதில்தான் வரும். வீட்டில் உட்கார்ந்து படித்தால் துணி மடிக்கத் தோன்றியது, அலமாரி துடைக்கத் தோன்றியது, எதுவும் இல்லாவிட்டால் தூக்கம் வந்தது. அதனால் மதியத்துக்கு மேல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டை ஒட்டியே இருந்த கடைக்கு வந்துவிடுவாள். தெருவில் எல்லோரும் அவள் கணவனைக் குஷன்காரர் என்றுதான் சொல்வார்கள். பஸ், வேன், கார், ஆட்டோ என்று உட்காருகிற இடம் எதுவாக இருந்தாலும் பிரித்துத் தைத்துக் கொடுப்பான். அவனுடைய அப்பா தொடங்கிய கடை. பெரிய தையல் மிஷின் அவர் வாங்கிப்போட்ட அதே இடத்தில் இன்னும் நின்றது. பிரித்து எடுத்துப்போனால் எங்கே வேண்டுமானாலும் பூட்டலாம் என்று எண்ணெய் போடும்போது ஒருநாள் அவன் சொன்னதோடு சரி.

முதல் வழியைக் காட்டியது ஒரு கார் சீட்தான். அவன் அதன் மேல் துணியை உரித்தபோது அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே விறைப்பான மெல்லிய ரெக்ஸின். அதற்குக் கீழே தடியான ஸ்பாஞ்சு. அதற்குக் கீழே தொட்டால் ஆடுகிற ஸ்பிரிங். எல்லாவற்றுக்கும் அடியில் அசையாத இரும்புத் தட்டு. அவள் ஸ்பாஞ்சு அடுக்கிலிருந்து குதித்தே விட்டாள். மேலோடு, கவசம், வெளிக்கரு, உட்கரு. மேலோடு மெல்லிசு, ஆனால் கெட்டி. கவசம்தான் இருப்பதிலேயே தடிமன். அது திடப்பொருள்தான், ஆனாலும் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகரும். வெளிக்கரு உருகிய உலோகம். உட்கரு அதைவிடச் சூடு, ஆனாலும் மேலே இருக்கிற அத்தனை பாரமும் சேர்ந்து அமுக்குவதால் உருகாமல் கெட்டியாகவே கிடக்கிறது.

“அவ்வளவு சூட்டிலயும் உருகலையா?” என்றான் அவன் நம்பாமல்.

“உருக விடலை. நாலு பக்கமும் அழுத்தினா எங்கே உருகறது?”

“எங்கம்மா கைல மாட்டின என்னை மாதிரி” என்றான் அவன், வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு.

அன்றிலிருந்து கடையே பாடமாகிவிட்டது. வாடிக்கையாளர் உட்கார்ந்து உட்கார்ந்து ரெக்ஸின் வெடித்துப் பொடியாவது பாறைச் சிதைவு. அந்தப் பொடியைக் காற்று வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போவது அரிப்பு. இருந்த இடத்திலேயே உடைந்தால் சிதைவு, உடைந்தது இடம் மாறிப் போனால் அரிப்பு என்று அவள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். உருகி உறைந்தது தீப்பாறை, படிந்து இறுகியது படிவுப்பாறை, இரண்டில் எதுவானாலும் சூட்டிலும் அழுத்தத்திலும் குணம் மாறினால் உருமாறிய பாறை. இதைக் கேட்ட மாமியார், கல்யாணத்துக்கு முன்னால் தன் பிள்ளை என்ன பாறை, இப்போது என்ன பாறை என்று தனக்கு நன்றாகவே தெரிகிறது என்றாள்.

மாமியாருக்கு இந்தப் படிப்பில் ஒரு தனி ருசி ஏற்பட்டிருந்தது. காய் நறுக்குகிற தட்டோடு கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். எல்லாவற்றிலும் மறுப்பு சொல்வாள். வெயில் காலம் எதனால் வருகிறது என்று ஒருநாள் பேச்சு வந்தபோது, இதில் என்ன பெரிய பரீட்சை, அடுப்புக்குக் கிட்டப் போனால் சுடும், தள்ளிப் போனால் சுடாது, பூமியும் அப்படித்தான் என்றாள். மருமகள் விடவில்லை. பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட இருக்கிற மாதத்தில்தான் பாதி உலகம் குளிரில் நடுங்குகிறது என்றாள். நூல்கண்டு ஒன்றில் கோணி ஊசியைக் குத்தி, சாய்த்துப் பிடித்து, எரிகிற பல்பைச் சுற்றி நடந்து காட்டினாள். சாய்வு மாறவில்லை. ஆனால் ஒரு பக்கம் போகும்போது கண்டின் மேல் பாதிக்கு வெளிச்சம் நேராக விழுந்தது; எதிர்ப்பக்கம் வந்தபோது கீழ்ப் பாதிக்கு விழுந்தது.

மாமியார் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். “அப்போ எல்லாம் சாயறதுலதான் இருக்கு. இவனும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு பக்கமாத்தான் சாஞ்சு நிக்கிறான். அதான் எனக்கு மட்டும் குளிர்காலம்.”

அவன் மிஷினை வேகமாக ஓட்டி அந்தப் பேச்சை மூழ்கடித்தான்.

அவளுக்குப் பூகம்பம் என்று பட்டப் பெயர் வைத்ததும் மாமியார்தான். புவித் தட்டுகள் உரசும்போது என்ன ஆகும் என்று அவள் அடுக்களையில் இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளை ஒன்றோடொன்று மோதிக் காட்டப் போய், பாத்திர ஸ்டாண்டே சரிந்து விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். அன்று முதல் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். “பூகம்பம் எங்கே?” என்று அவன் கேட்பான். “குளிச்சிட்டு இருக்கு, ஊருக்கு ஆபத்தில்லை” என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

அவள் சந்தோஷமாக இருந்தாள். இந்த மதியங்களுக்கு முன்னால் அவளும் அவனும் இத்தனை பேசியதே இல்லை. சாப்பிட்டீங்களா, தூங்கினியா, கரண்ட் பில் கட்டியாச்சா என்பதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். இப்போதோ நிலாவின் ஒரே முகம் மட்டும் ஏன் நம்மைப் பார்க்கிறது என்று அவன் காலையில் பல் தேய்த்தபடியே கேட்டான். அவனுக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டுவிட்டது. அதனால்தான் அந்த மத்ததைப் பற்றிக் கேட்க அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. பலமுறை வாயெடுத்தாள். ஒவ்வொரு முறையும் அவன் கை அந்தப் பழைய மிஷினின் சக்கரத்தில் இருந்தது. அவன் அப்பா கைபட்டு வழவழப்பான சக்கரம். உடனே புத்தகத்தைப் புரட்டி அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள்.

சண்டை ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதுவும் பாறையால்.

பஸ் கம்பெனி ஒன்றின் பழைய சீட்டைப் பிரித்தபோது உள்ளே ரெக்ஸின்மேல் ரெக்ஸினாக இருந்தது. மேலே கறுப்பு, அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் சிவப்பு. ஒவ்வொரு முறையும் யாரோ பழையதை உரிக்கச் சோம்பல்பட்டு அதன் மேலேயே புதியதைத் தைத்துவிட்டிருக்கிறார்கள். அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. படிவுப்பாறை அடுக்கும் இதேதான் என்று அவன் சொன்னான். அவள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் நடந்த மாதிரித் தேர்வில் ஒரு படம் போட்டிருந்தார்கள். மூன்று அடுக்குப் பாறை. அடியிலிருந்து ஒரு தீப்பாறை சுவர்போல நிமிர்ந்து மூன்றையும் ஊடுருவிக்கொண்டு மேலே வந்திருந்தது. இதில் கடைசியாக வந்தது எது? அவள் யோசிக்கவே இல்லை. மேலே இருக்கிற அடுக்கு என்று எழுதிவிட்டு வந்தாள். தப்பு. எதையெல்லாம் வெட்டிக்கொண்டு போயிருக்கிறதோ அதற்கெல்லாம் பிறகு வந்தது அந்தத் தீப்பாறை. தேர்வை நடத்தியவர் அவள் விடையையே உதாரணமாக எடுத்து எல்லோர் முன்னாலும் விளக்க, அவளுக்கு மூக்கு உடைபட்டதுபோல் ஆகிவிட்டது.

அந்தக் கோபத்தை அவன்மேல் காட்டினாள். உங்கள் சீட்டை நம்பிப் போனேன் பாருங்கள், என்னைச் சொல்லணும் என்றாள். அவன் மிஷின் பக்கம் திரும்பி நூல் கோத்தான். ஆனால் முகம் சுண்டிப்போயிற்று. இரண்டு நாள் கேள்வி கேட்கவில்லை, பல் தேய்க்கும்போது நிலாவைப் பற்றியும் பேசவில்லை. வீடு மறுபடியும் கரண்ட் பில்லுக்குத் திரும்பிவிட்டது.

மூன்றாம் நாள் கடையிலிருந்து அவன் போட்ட சத்தத்தில் அவள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். லாரி டிரைவர் ஒருவருடைய சீட் தலைகீழாகக் கிடந்தது. அந்த மனிதர் முதுகு வலி தாங்காமல் வழியில் எங்கேயோ அடித்துணியைக் கிழித்து, புத்தம் புது ஸ்பாஞ்சு ஒன்றை உருட்டி அடியிலிருந்து உள்ளே திணித்திருக்கிறார். அது பழைய ஸ்பாஞ்சைப் பிளந்து, அதற்கு மேலிருந்த பழைய துணியைப் பிளந்து, மேல் ரெக்ஸினையும் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. வந்தவற்றில் கடைசி அதுதான். ஆனால் அடியிலிருந்து உச்சிவரை அதுதான் நின்றது.

“இதானே உன் படம்?” என்றான். அவன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டு நாளாக அவன் கோபமாக இல்லை. தன்னால் அவளுக்கு மார்க் போனதே என்று குமைந்துகொண்டிருந்திருக்கிறான்.

மாமியார் குனிந்து பார்த்தாள். மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள்.

“எல்லாருக்கும் அப்புறம் வந்துச்சு. எல்லாத்தையும் பிளந்துக்கிட்டு நடுவுல வந்து நிக்குது. எனக்கென்னவோ தெரிஞ்ச முகமா இருக்கு.”

மூன்று பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று படுக்கப்போகும்போது அந்தச் சிரிப்பு நெஞ்சில் லேசாக உறுத்தியது. மாமியார் விளையாட்டாகத்தான் சொன்னாள். இருந்தாலும் தான் கேட்க நினைப்பதை வாய்விட்டுக் கேட்டால் இந்த வீட்டை நிஜமாகவே பிளந்தது போலாகாதா என்று தோன்றியது. அதற்குப் பிறகு அவள் வாயெடுப்பதைக்கூட நிறுத்திக்கொண்டாள்.

தேர்வு நல்லபடியாக முடிந்தது. நிலநடுக்க அலைகளில் எது திரவத்துக்குள் போகாது என்று கேட்டிருந்தார்கள். வெளிக்கரு திரவம் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றும் கேட்டிருந்தார்கள். முதல் கேள்விக்கான பதிலே இரண்டாவதற்கும் விடை. குறுக்கே ஆடிக்கொண்டு போகிற இரண்டாம் நிலை அலை வெளிக்கருவோடு நின்றுவிடுகிறது, அதனால் அது திரவம். வெளியே வந்து அதைச் சொன்னபோது, கேள்வித்தாள் தயாரித்தவர் நம் கடைக்கு வந்துபோனவராக இருக்கும் என்றான் அவன்.

முடிவு ஒரு மதியம் போனில் வந்தது. தேறிவிட்டாள். அடுத்த மாதம் துறைமுக ஊரில் வேலையில் சேரவேண்டும். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சொல்லிவிட்டு வந்தாள். எங்கள் வீட்டுப் பூகம்பம் இனிமேல் தண்ணீர் ஆபீசர் என்று சொன்னாளாம். அவன் கடையை மூடிவிட்டு, மூன்று பேரும் ஹோட்டலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

மறுநாளிலிருந்து அவளைத் தவிர மற்ற எல்லோரும் சுறுசுறுப்பாகிவிட்டார்கள். அவன் விசாரித்து விசாரித்து அந்த ஊரில் பெண்கள் விடுதி ஒன்றைப் பிடித்துவிட்டான். அலுவலகத்துக்கு நடக்கிற தூரம், ஜன்னலைத் திறந்தால் கடல் என்றான். மாமியார் போர்வை எடுத்து வைத்தாள். எந்த ரயிலில் போனால் எந்த ரயிலில் திரும்பலாம், மாதத்துக்கு எத்தனை முறை வரலாம் என்று அம்மாவும் பிள்ளையும் கணக்குப் போட்டார்கள். யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. போகாதே என்று ஒருவராவது சொல்லியிருந்தால் அவளுக்குச் சண்டை போடவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். இத்தனை அன்போடு தன்னைத் தனியாக அனுப்பிவைக்கிறவர்களிடம் என்னவென்று ஆரம்பிப்பது?

அந்த வாரம் இன்னொரு விஷயமும் வந்து சேர்ந்தது. பஸ் முதலாளி ஒருவர் தன்னுடைய பஸ் ஒன்றைக் கடை வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். இந்த ஒன்றைச் செய்து காட்டு, பிடித்திருந்தால் என் எல்லா பஸ்ஸும் உனக்குத்தான் என்றார். இரண்டு வருஷத்துக்கு வேறு வேலை தொட நேரமிருக்காது. நடுவில் விட்டுவிட்டுப் போகவும் கூடாது. இரண்டு வாரம் கழித்து வந்து பார்த்தார், பிடித்துவிட்டது. பின் சீட் ஒன்றுதான் பாக்கி. அதையும் முடித்துவை, சனிக்கிழமை சாயங்காலம் வந்து பஸ்ஸை எடுத்துக்கொள்கிறேன், அப்போது உன் வாய்ச்சொல்லை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரே மாதத்தில் மருமகளுக்கும் பிள்ளைக்கும் வேலை.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் டீ எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறினாள். உள்ளே புது ரெக்ஸின் வாசனையும் பசை வாசனையும் தூக்கலாக இருந்தன. இரண்டு பக்கமும் கருநீலத்தில் சீட்டுகள், ஓரமெல்லாம் வெள்ளைப் பைப்பிங். அவன் கடைசி வரிசையில் மண்டியிட்டு, நீளமான பின் சீட்டின் மூலையை இழுத்துப் பிடித்து ஆணி அடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சுத்தியலை வைத்துவிட்டு, உட்கார்ந்து பார்த்துச் சொல்லு என்றான்.

அவள் உட்கார்ந்தாள். நன்றாக இருந்தது. அவனும் பக்கத்தில் உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டான். நின்றுகொண்டிருக்கிற பஸ்ஸில் இரண்டு பேரும் எங்கேயோ பயணம் போகிறவர்கள்போல முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே வாசலில் மாமியார் யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது.

“அவர் வர்ற நேரம்” என்றான் அவன்.

“என்ன சொல்லப் போறீங்க?”

“சரின்னுதான். வேற என்ன சொல்றது?” டீயை ஊதினான். குடிக்கவில்லை. “நிஜத்தைச் சொன்னா எனக்கு இவ்வளவு வேலை வேண்டாம். இருக்கிறதே போதும். ஆனா நீ போனப்புறம் மத்தியானம்னு ஒண்ணு வருமே. அந்த ஸ்பாஞ்சு அடுக்கைப் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருக்க முடியாது. தலைக்கு மேல வேலை இருந்தா பொழுது ஓடிடும்ல.”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை. டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. இத்தனை நாளும் அந்தக் கடையை, அந்த மிஷினை, அந்தச் சக்கரத்தைப் பார்த்துத்தான் அவள் வாயை மூடிக்கொண்டாள். இவனை நேராகப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

வெளியே கார் ஒன்று வந்து நின்ற சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது. மாமியார் பலமாக வரவேற்றாள். பஸ் முதலாளி, எங்கே நம்ம குஷன்காரர் என்று கேட்டபடி படிக்கட்டை நோக்கி வருவது கேட்டது. அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கப் போனான்.

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“அவருக்குச் சரி சொல்லாதீங்க” என்றாள். பிடித்த கையை விடாமலே மேலே சொன்னாள். “ஹாஸ்டல் வேண்டாம். ஜன்னல், கடல் எதுவும் வேண்டாம். அந்த ஊர்லயும் பஸ் ஓடுது, அதுலயும் சீட் கிழியுது. மிஷினைப் பிரிச்சு எடுத்துட்டுப் போய்ப் பூட்டலாம்னு நீங்கதான் ஒருநாள் சொன்னீங்க. வேலைக்கு நான் எப்படியும் போவேன். ஆனா தனியா போக எனக்குப் பிடிக்கலை. ஒரு வருஷமா கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன், இன்னிக்குக் கேக்கிறேன். அத்தையையும் கூட்டிக்கிட்டு, நீங்க என்கூட வந்துடுங்க.”